பக்கத்துக் கதிரை

தொண்ணூறுகளில் இந்த நாட்டின் சின்ன ஊர்களில், கழுத்தில் வீட்டுச் சாவியைத் தொங்கவிட்டபடி பள்ளிக்கூடம் போய் வந்தவர்களே, உங்களில் அநேகமாக எல்லோரும் என்னைப் போல அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்த்தவர்கள்தான். ஆஸ்பத்திரியில், நகரசபைக் கந்தோரில், வீட்டுக்காரரின் வாசலில். பதினொரு வயதில் தன் தகப்பனின் மூலவியாதியை வைத்தியருக்கு விளக்கிய சிநேகிதி ஒருத்தி எனக்கு இருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிப்போம். ஆனால் நான் ஒருவருக்கும் சொல்லாத மொழிபெயர்ப்பு ஒன்று இருக்கிறது. வயது ஐம்பதை நெருங்குகிறது. இனியாவது சொல்லிவிட வேண்டும்.

பேர்ண் மாநிலத்தில் லாங்கன்தால் என்ற சிற்றூரில் நாங்கள் மூன்று பேர். அப்பாவுக்கு ஓர் இரும்புத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. நான் பள்ளியால் வரும்போது அவர் போயிருப்பார். அவர் வரும்போது நான் நித்திரை. கிழமை நாட்களில் அப்பாவை நான் கண்டது குசினியில் கழுவாமல் கிடக்கும் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில்தான். அதில் மீன் முள் கிடந்தால் அப்பா ஆறுதலாக இருந்து சாப்பிட்டிருக்கிறார் என்று அர்த்தம். காய்ந்த சோறு ஒட்டியிருந்தால் நேரம் பிந்தி ஓடியிருக்கிறார். ஐந்து மணிக்கு அம்மாவும் துப்புரவு வேலைக்குப் போய்விடுவாள். பிறகு குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலும் நானும். தொலைபேசியில் நேரம் சொல்லும் எண் ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? ஒரு பெண்குரல் தூய ஜெர்மனில் மணியும் நிமிடமும் செக்கனும் சொல்லும். நான் அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, அவர் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் "ஓம்" என்பேன். ஒருவர் கதைக்கும்போது பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று நினைத்தேன் போலும்.

வகுப்பில் எழுத்து ஜெர்மன், விளையாட்டு முற்றத்தில் பேர்ண் வட்டாரப் பேச்சு ஜெர்மன். முதலாவது எனக்கு வந்துவிட்டது. இரண்டாவது வரவில்லை. முற்றத்தில் நான் வாயைத் திறந்தால் செய்தி வாசிப்பது போல இருக்கிறதென்று சிரிப்பார்கள். அதனால் திறப்பதில்லை.

அது ஆறாம் வகுப்பு. நவம்பர் மூடுபனி இறங்கி நாலரைக்கே தெரு மங்கத் தொடங்கியதும், என்னைத் தனியே விட மனமில்லாமல் அம்மா தன்னோடு கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினாள். கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. ஊருக்கு வெளியே பெயின்ற் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை. அதன் பின்பக்கத்தில் ஆய்வுகூடக் கட்டிடம். மூன்றாம் மாடி அம்மாவின் பொறுப்பு. கதவைத் திறந்ததும் நகப்பூச்சு வாசம் மூக்கில் ஏறும்.

நான் போகத் தொடங்குவதற்கு முந்தின கிழமை அம்மா கலங்கிப்போய் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"என்ரை வேலை போகப்போகுது. மேல்மாடிக்கு ஒரு காப்பிலியைப் போட்டிருக்கினம். முழங்காலிலை இருந்து நிலம் துடைச்சுக்கொண்டிருந்தவள். இது என்ரை மாடி எண்டு சொன்னன். சிரிக்கிறாள்."

கறுப்பர்களைக் குறிக்கும் அந்தச் சொல் எங்கள் வீடுகளில் எவ்வளவு சர்வசாதாரணமாகப் புழங்கியது என்பது உங்களுக்கும் தெரியும். அது ஒரு வசை என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் இருக்காமல் எழுந்துபோகிறவர்களைப் பற்றியும் அதே வாயால்தான் மனம் நொந்து கதைத்தோம்.

நான் போன முதல் நாளே அந்தப் பெண் இருந்த அறையின் கதவில் இருந்த பெயர்ப் பலகையை வாசித்தேன்.

"அம்மா, இதிலை டொக்டர் எண்டு போட்டிருக்கு. இதே பேர்தான் அவவின்ரை வெள்ளைச் சட்டையிலையும் இருக்கு."

"முந்தி இருந்தவையின்ரை சட்டையைப் போட்டிருப்பாள்," என்றாள் அம்மா. கையில் தும்புத்தடியோடு, துளியும் சந்தேகமில்லாமல்.

உண்மை விளங்க அம்மாவுக்கு ஒரு கிழமை சென்றது. அன்று அவர் துடைத்தது, தானே சிந்திய பெயின்றை. விளங்கியதும் செய்த முதல் வேலை, வீங்கியிருந்த தன் மணிக்கட்டைக் கொண்டுபோய் அவருக்குக் காட்டியதுதான். அவர் மெதுவாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, தான் பெயின்றுக்குத்தான் டொக்டர், ஆனாலும் இதற்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது என்று சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு டொக்டர் என்றே பெயர்.

கமரூனில் பிறந்து, ஜெர்மனியில் இரசாயனம் படித்துப் பட்டம் பெற்று, ஒப்பந்த வேலையில் இங்கே வந்தவர். நாற்பது வயது இருக்கும். அந்தக் கட்டிடத்தில் அவரைப் போல வேறொருவர் இல்லை. அவரும் பேர்ண் ஜெர்மன் பேசமாட்டார். செய்தி வாசிப்பது போலத்தான் கதைப்பார். முதல் தடவை அவர் என்னோடு கதைத்தபோது தொலைபேசிப் பெண் எழுந்து வந்துவிட்டதாக எனக்கு ஒரு மயக்கம்.

பாலங்களுக்குப் பூசும் பெயின்றைச் சோதிப்பது அவர் வேலை. பூசிய இரும்புத் தகடுகளை உப்புநீர் மூடுபனி நிறைந்த ஒரு பெட்டிக்குள் கிழமைக்கணக்கில் வைத்து, பிறகு வெளியே எடுத்து எத்தனை இடத்தில் துரு கொப்புளித்திருக்கிறது என்று எண்ண வேண்டும். நான் மூலையில் இருந்து வீட்டுப்பாடம் செய்வேன். ஒரு நாள் உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் தந்தார்.

"என்ன காண்கிறாய்?"

"துரு."

"அது நீ நினைப்பது. காண்பதைச் சொல்."

நான் நாற்பத்தொரு கொப்புளங்கள் எண்ணினேன். அவர் நாற்பது என்று எழுதி வைத்திருந்தார். மறுபடியும் எண்ணினார். தகட்டின் ஓரத்தில், துளைக்குப் பக்கத்தில், ஒன்று ஒளிந்திருந்தது. தன் கொப்பியை எடுத்து நாற்பதின் மேல் ஒரே ஒரு கோடு கீறி, பக்கத்தில் நாற்பத்தொன்று என்று எழுதி, அதனருகில் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டார். ஒரு பெரிய ஆள் நான் சொன்னதைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டதை அதற்குமுன் நான் கண்டதேயில்லை. அடுத்த கிழமை எனக்கும் ஒரு கொப்பி தந்தார். கெட்டியான அட்டை, பக்கங்களுக்கு இலக்கம், அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. எந்த வீடு மாறும்போது அது தொலைந்தது என்று தெரியவில்லை. அதன் முதுகில் ஒட்டியிருந்த சிவப்புத் துணியை மட்டும் இன்னும் விரலில் உணர்கிறேன்.

அந்த மாதக் கடைசியில் வகுப்பாசிரியர் அம்மா அப்பாவை அழைத்தார். ஏழாம் வகுப்புக்கு யார் எந்தப் பள்ளிக்குப் போவது என்று முடிவெடுக்கும் நேரம். நல்ல மனிதர் அவர். தன் மகளின் பழைய பனிச்சறுக்குச் சப்பாத்துகளைத் துடைத்துப் பொலிஷ் போட்டு எனக்குக் கொண்டுவந்து தந்தவர். அப்பா மட்டும், கலியாணத்துக்குப் போடும் கோட்டோடு, வந்திருந்தார். வழக்கம்போல நடுவில் நான்.

"உங்கள் மகள் அமைதியானவள், கடும் முயற்சி," என்றார் ஆசிரியர். "ஆனால் செக்குண்டார் பள்ளி அவளுக்குச் சுமையாகிவிடும். வீட்டில் உதவ யாருமில்லை. ரெயால் பள்ளியில் சந்தோஷமாக இருப்பாள். பிறகு முதியோர் இல்லத்தில் நல்ல வேலை பழகலாம்."

எங்களுக்குத்தான் தெரியுமே, செக்குண்டார் மேலே, ரெயால் கீழே. அப்பாவுக்குத் தெரியாது. ஆசிரியர் மேசையில் வைத்த கடிதத்தை அவர் ஆங்கிலத்தில் வாசித்தார்.

"ரியலோ? மற்றது என்ன, செக்கண்டரி. அது இரண்டாந்தரம். ரியல் எண்டா அசல்." அவருடைய முகம் மலர்ந்தது. "பெரிய உபகாரம் எண்டு சேருக்குச் சொல்லு பிள்ளை."

"அப்பா நன்றி சொல்கிறார்," என்றேன் ஆசிரியரிடம். இருவரும் எழுந்து கைகுலுக்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் டீட்டிகோனில் இருந்த சித்தப்பாவுக்குத் தொலைபேசி போனது. "பிள்ளை ரியலுக்கு எடுபட்டிட்டாள்." சித்தப்பாவின் பிள்ளைகள் அப்போது குழந்தைகள். அவருக்கும் தெரியாது. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பாவை அவ்வளவு சந்தோஷமாக நான் கண்டு கன நாள். அதைக் கெடுக்க முடியவில்லை. எனக்காக அழவும் அந்த வீட்டில் வேறு ஆளில்லை.

டொக்டர் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு நாளாக நான் கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டார், சொன்னேன். என் சோதனைத் தாள்களைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கணிதத்தில் வகுப்பில் இரண்டாவது நான். அவருடைய மூக்கு விடைத்தது. கோபம் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

"ரெயால் என்றால் என்னவென்று உன் அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கூப்பிடு. நான் சொல்வதை அப்படியே சொல்."

சொன்னேன். அம்மா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டாள்.

"அப்ப உனக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ அப்பாவைத் துள்ளவிட்டனீ?"

அன்றுதான் டொக்டர் தன் வட்டத்தைப் பற்றிச் சொன்னார். இந்த நாட்டில் வேலை செய்யும், படிக்கும் கறுப்பு விஞ்ஞானிகள் ஒன்பது பத்துப் பேர், மாதத்தில் ஒரு சனிக்கிழமை பேர்ணில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடுவார்களாம். அவர்களுக்குள் ஒரு விதி. வேலை நேர்முகமோ, பேராசிரியரோடு வாக்குவாதமோ, விசாக் கந்தோரோ, யாரும் தனியே போகக் கூடாது. இன்னொருவர் பக்கத்துக் கதிரையில் இருக்க வேண்டும். அவர் பேசத் தேவையில்லை. திகதி போட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதினால் போதும்.

"எழுதினால் என்ன நடக்கும்?" என்று கேட்டேன்.

"தாங்கள் பேசுவது தங்களுக்கே கேட்கத் தொடங்கும்."

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அம்மாவும் நானும் பேர்ணின் ஓரத்தில் இருக்கும் பூம்ப்ளிஸுக்குப் போனோம். அங்கே நிலக்கீழ் மண்டபம் ஒன்றுதான் எங்கள் கோயில், சனிக்கிழமைகளில் பூசை நடக்கும். அம்மா பூசை முடியும்வரை இருக்க, டொக்டர் வந்து என்னைத் தன் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். லௌசானில் படிக்கும் ஓர் இளைஞர், அடுத்த கிழமை நடக்கவிருந்த தன் முனைவர் பட்ட நேர்முகத்துக்காக அங்கே பேசிப் பழகினார். மற்றவர்கள் குறுக்கே விழுந்து விழுந்து கேள்வி கேட்டார்கள். "இதை உனக்கு யார் செய்து தந்தது?" என்று ஒருவர் கேட்டதும் அவருக்கு வியர்த்துவிட்டது. "அப்படித்தான் கேட்பார்கள்," என்றார் டொக்டர். "இங்கே வியர்த்துவிட்டுப் போ." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு ஒருவர் கொண்டுவந்த பொரித்த வாழைப்பழத்தைப் பங்கிட்டார்கள். எனக்கும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். அந்த மண்டபத்தில் நான் ஒருவருக்கும் இனமில்லை, ஊரில்லை. ஆனாலும் அந்தக் குளிர்காலம் முழுவதிலும் நான் தனியாக இல்லாத இரண்டு மணித்தியாலம் அதுதான்.

திரும்பி வரும்போது கோயில் வாசலில் நின்ற ஓர் அண்ணை எங்களைக் கண்டார். அடுத்த நாள் அப்பாவுக்குச் செய்தி வந்துவிட்டது.

"ஆரோடை திரியவிட்டிருக்கிறீர் பிள்ளையை?" என்று அம்மாவிடம் சத்தம் போட்டார். "சனம் என்ன கதைக்குதெண்டு தெரியுமோ உமக்கு?"

"படிச்ச மனுசியப்பா அவ."

"படிச்சாப்போலை நிறம் மாறிடுமோ?"

எங்கள் நிறத்தைப் பற்றி அவருக்கு அந்த நேரம் நினைவிருக்கவில்லை. அம்மா சோற்றை வடித்தாள். ஆனால் மாசியில் ஒரு புதன்கிழமை, அப்பா வேலைக்குப் போனபின், ஊரில் இருந்து கொண்டுவந்த பச்சைச் சேலையை உடுத்து, அதன்மேல் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா, உன்ரை வாத்தியாரிட்டைப் போவம்" என்றாள். டொக்டர் பள்ளி வாசலில் காத்து நின்றார்.

ஆசிரியர் அவரைக் கண்டு எழுந்தார். "நீங்கள் சமூகசேவைக் கந்தோரா?"

"இல்லை. பக்கத்தில் இருக்க வந்தேன். நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வேன். உங்களுக்கும் ஒரு பிரதி தருவேன்."

ஆசிரியர் முன்பு சொன்னதையே சொல்லத் தொடங்கினார். பேனை ஓடியது. வீட்டில் உதவ யாருமில்லை என்று வந்ததும் அவரே நிறுத்தினார்.

"அதை அப்படி எழுத வேண்டாம்."

"எப்படி எழுதட்டும்?"

ஆசிரியர் வேறு விஷயத்துக்குப் போனார். அதைவிட டொக்டர் அந்த ஒரு மணித்தியாலத்தில் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "எந்தப் பாடத்தில் புள்ளி போதாது?" ஆசிரியர் பதிவேட்டைத் திறந்தார். விரலால் வரி வரியாகப் போனார். மறுபடியும் மேலே வந்தார். அவருடைய காதுகள் சிவப்பதை நான் பார்த்தேன். பாவமாக இருந்தது. அவர் எனக்கு ஒரு கெடுதலும் நினைத்தவரல்ல. என்னைப் பார்த்தபோதெல்லாம் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிக்கும் ஒரு கெட்டிக்காரப் பெண்ணைத்தான் அவரால் காண முடிந்தது.

அப்போது அம்மா, என்னிடம் கேட்காமல், தன் ஜெர்மனில் கதைத்தாள். "நான் உதவி. ஜெர்மன் இல்லை. ஆனால் நான் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் இருக்கிறது."

பேனை அதையும் எழுதியது.

அரை ஆண்டு தற்காலிகமாகச் செக்குண்டாரில் விட்டுப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. கடிதம் வந்தபோது அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "செக்கண்டரிக்கு இறக்கிப்போட்டாங்கள்!" அம்மா அவரை இருத்தி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பல்கனிக்குப் போய் இரண்டு சிகரெட் புகைத்தார். உள்ளே வந்து, "அந்த மனுசியை ஒரு நாளைக்குச் சாப்பிடக் கூப்பிடும்" என்று மட்டும் சொன்னார். சித்தப்பாவுக்கு மறுபடி எப்படி விளக்கினார் என்று எனக்குத் தெரியாது.

அழைப்பதற்கு முன்னரே இன்னொன்று நடந்துவிட்டது.

டொக்டர் இரண்டு வருடம் பாடுபட்ட பாலப் பெயின்றின் அறிக்கை வெளியாகியிருந்தது. அதில் மேலதிகாரியின் பெயர் இருந்தது, இன்னொருவரின் பெயர் இருந்தது. அவருடைய பெயர் இல்லை. ஏன் என்று அவர் கடிதம் எழுதிக் கேட்டார். ஒப்பந்தம் முடிவதற்குச் சில கிழமைகள் இருந்தன. வேலை போனால் அவருடைய விசாவும் போகும். பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், மறுநாள் நாலு மணிக்குப் பேச வருமாறு அறிவித்தார்கள். ஒரு நாள் இடைவெளியில் லௌசானிலிருந்தும் பாசலிலிருந்தும் வட்டத்தில் ஒருவராலும் வேலையை விட்டு வர முடியவில்லை. எல்லோரையும் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியாக நடைபாதையில் அம்மாவிடம் வந்தார். நான் மொழிபெயர்த்தேன்.

"நாளைக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வர முடியுமா? நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். எழுதவும் வேண்டாம். என் பக்கத்தில் இருந்தால் போதும்."

அம்மா என்னை முடிக்கவிடவில்லை. "யா, யா. நான் வாறன் எண்டு சொல்லு. கட்டாயம் வாறன்."

மறுநாள் புதன்கிழமை. பள்ளி மத்தியானத்தோடு முடிந்துவிடும். மூன்று மணிக்கு அம்மா அதே பச்சைச் சேலையும் குளிர்ச் சட்டையும் சப்பாத்துமாய்க் குசினிக் கதிரையில் இருந்தாள். எழும்பவில்லை.

"நேரமாகுது அம்மா."

"எங்களுக்கு இன்னும் விசா முடிவாகேல்லை பிள்ளை. அந்த அறைக்குள்ளை பெரியவர் என்னைக் கண்டாரெண்டால்..."

"சும்மா இருக்கிறதுதானே."

"சும்மா இருக்கிறவளைத்தான் முதல்லை கலைப்பாங்கள்." கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ரெலிபோனை எடு. அம்மாவுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லு" என்றாள்.

எடுத்தேன். டொக்டர் உடனே மறுமுனையில் வந்தார். அம்மாவுக்குக் கடும் காய்ச்சல், எழும்ப முடியவில்லை என்றேன். கடும் என்பதும், எழும்ப முடியவில்லை என்பதும் நானாகச் சேர்த்தவை. நல்ல மொழிபெயர்ப்பாளர் அப்படித்தான், நம்பும்படியாகச் சொல்வார். அவருக்குப் பின்னால் உப்புப் பெட்டியின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"இஞ்சி போட்டுத் தேநீர் குடிக்கச் சொல். நன்றாகப் போர்த்திக்கொண்டு படுக்கட்டும்."

"நீங்கள் தனியாகவா போகிறீர்கள்?"

"இன்றைக்கு, ஆம்."

அம்மா அன்று வேலைக்கும் போகவில்லை. குளிர்ச் சட்டையைக் கழற்றாமல் ஐந்து மணிவரை அந்தக் கதிரையிலேயே இருந்தாள். இஞ்சித் தேநீரை நான் சொல்லவில்லை.

டொக்டரின் ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் மாறியிருக்குமா? மாறியிராது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த அறைக்குள் நாலு ஆண்களுக்கு முன்னால் அவர் ஒருவராய் இருந்தார் என்று பிறகு தெரியவந்தது. மறுநாள் அம்மாவைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, காய்ச்சல் விட்டுவிட்டதா என்பது.

சித்திரைக் கடைசியில், பெல்ஜியத்துக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை, எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அப்பா கலியாணக் கோட்டோடு வாசலில் நின்று வரவேற்றார். ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல். அப்பாவுக்கு என்ன கதைப்பதென்று தெரியவில்லை. கடைசியில், "உங்கடை நாட்டிலையும் மரவள்ளி இருக்கோ எண்டு கேள்" என்றார். இருக்கிறது, இலையையும் சமைப்போம் என்றார் டொக்டர். "இலையையுமோ!" அப்பா கதிரையை முன்னுக்கு இழுத்தார். அரை மணித்தியாலம் மரவள்ளியைப் பற்றியே கதைத்தார்கள். நான் மொழிபெயர்த்துக் களைத்துப்போனேன். எங்கள் வீட்டில் விருந்தாளிச் சிரிப்புக் கேட்டது அன்றுதான்.

அப்பா தேத்தண்ணி வைக்க எழுந்து போனார். அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"பிள்ளை, இதைச் சொல்லு. அண்டைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை. பயத்திலைதான் வரேல்லை. பொய்தான் சொல்லுவிச்சனான். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேள்."

அம்மாவின் கண் நிறைந்திருந்தது. டொக்டர் என்னைப் பார்த்தார். என் வாயைத்தான் பார்த்தார். அந்தப் பொய் என் குரலில் போனது. கடும் காய்ச்சல் என்று சொன்னது நான். தன் கணக்கை வெட்டிவிட்டு என் முதலெழுத்தைப் போட்டவர் அவர். இனி என்னை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த நகரத்தில் என்னை நல்லவள் என்று நினைக்க வேறு ஆளில்லை.

"கறி உறைப்போ என்று அம்மா கேட்கிறார்," என்றேன்.

டொக்டர் அம்மாவின் கண்களைப் பார்த்தார். கை நீட்டி அம்மாவின் கையைப் பிடித்தார். "இல்லை, இல்லவே இல்லை," என்றார். "எல்லாம் நன்றாக இருக்கிறது."

அம்மா என்னைப் பார்த்தாள்.

"பரவாயில்லையாம் அம்மா. ஒண்டும் யோசிக்க வேண்டாமாம்."

அம்மா விம்மி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்கு இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டாள்.

ரயில் நிலையம்வரை நான் வழியனுப்பப் போனேன். பத்து நிமிட நடை. பாதி வழியில் அவர் கேட்டார்: "அம்மா ஏன் அப்படி அழுதார்?"

"நீங்கள் போவதால்."

ரயில் வந்ததும் பெரிய ஆட்களோடு செய்வது போல எனக்குக் கைகொடுத்தார். ஏறியபின் கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. தலையாட்டினேன்.

செக்குண்டாரில் நான் நிலைத்தேன். பிறகு இரசாயனம் படித்தேன். இப்போது குடிநீர் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. டொக்டரிடமிருந்து இரண்டு அஞ்சலட்டைகள் வந்தன. ஒன்றுக்குப் பதில் போட்டேன். மற்றதற்கு எழுதி எழுதிக் கிழித்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாநாட்டில் லௌசான் இளைஞரைக் கண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது. தன் நேர்முகத்துக்கும் டொக்டர்தான் பக்கத்தில் இருந்தாராம். "எங்களில் எத்தனை பேருக்கு அவர் கூட வந்தார்," என்றார். "அவருடைய நாளன்று எங்களில் ஒருவரும் போகவில்லை. கேட்பதற்கு அவருக்கு வேறு ஆளும் இருக்கவில்லை." எங்கள் அம்மா இருந்தாள் என்று நான் சொல்லவில்லை. டொக்டர் ஊர் திரும்பி, பல்கலைக்கழகத்தில் படிப்பித்து, ஓய்வுபெற்று நலமாக இருக்கிறாராம். அவருடைய எண்ணைத் தந்தார். என் தொலைபேசியில் அது அப்படியே கிடக்கிறது.

அப்பா இப்போது இல்லை. அம்மா டீட்டிகோனில் என்னோடு இருக்கிறாள். எழுபத்தேழு வயது. சில நாட்களில், மரக்கறி வெட்டிக்கொண்டு இருக்கும்போது, திடீரென்று கத்தியை வைத்துவிடுவாள்.

"என்ன மாதிரிப் பெரிய மனசு அந்த மனுசிக்கு. நான் உண்மையைச் சொல்லவும் ஒரு சொல் கோபமாச் சொல்லேல்லை, என்ன? அண்டைக்கு என்ன சொன்னவ? இன்னொருக்காச் சொல்லு பிள்ளை."

"பரவாயில்லையாம் அம்மா," என்று சொல்கிறேன். "ஒண்டும் யோசிக்க வேண்டாமாம்."